சதுர்த்தியன்று டிம் சம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. மாசி மாதத்தில் என் கணவர் இறந்துபோயிருந்தார். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடக் கூடாது என்பது வழக்கம். அதிரசம் சுடக் கூடாது, கொழுக்கட்டை அவிக்கக் கூடாது. மற்றவர்கள் கொடுத்தால் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அப்படிப்பட்ட வீட்டுக்குப் பலகாரத் தட்டை எடுத்துவர யாருக்கும் கால் வராது. நானே அப்படித்தான். எதிர் வரிசையில் ஒரு அம்மாவுக்கு மாமியார் இறந்த வருஷம், அவர்கள் வாசலைத் தாண்டித்தான் என் தட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அதைப் பற்றி அப்போது நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

எங்கள் பிளாக்கில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்டு. திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர், வேலூர். அதனால் சதுர்த்தியன்று வந்து சேரும் கொழுக்கட்டையும் பத்து விதமாக இருக்கும். ஒன்று எள்ளு, ஒன்று கடலைப்பருப்பு, ஒன்று பிடி கொழுக்கட்டை. சேலத்து அம்மா செய்வது கல் மாதிரி இருக்கும், வாங்கிக்கொண்டு சிரித்து வைப்போம். அந்த வருஷம் மதியம்வரை எங்கள் கேட்டின் கொக்கி சத்தம் கேட்கவே இல்லை.

வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, ஆறு மாதமாக நான் முழுசாக அப்படித்தான் இருந்தேன். அழுகை முதல் நான்கு நாளோடு சரி. அதுவும் வந்தவர்கள் அழுததால் கூட அழுதது. அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து பிடித்துவைத்தேன், துணி துவைத்தேன், சீரியல் பார்த்தேன். எந்த சீரியல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் நிலக்கரி மைன்ஸில் இருந்தார். பெர்மனென்ட். ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. வாராந்திர விடுமுறை நாளில், பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எல்லாம் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "சர்வீஸ்லயே போயிட்டாரு." வெளியூர்க்காரர்களுக்கு இது ஆறுதலாகத் தெரியாது. எங்கள் ஊரில் இது பெரிய ஆறுதல். ரிட்டயர் ஆன மறுநாள் போனால் ஒன்றும் கிடையாது. சர்வீஸில் போனால் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு, குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகாது. "நல்ல நேரத்துல போனாரு" என்றுகூட ஒரு பெரியவர் சொல்லிவிட்டு, சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே கணக்கைப் போட்டிருந்தேன்.

வாரிசு இரண்டே பேர். நானும் என் மகளும். ஆபீஸில் வாரிசு வேலை ஃபைலைப் பார்த்த அம்மா நல்ல மாதிரி. "பிளஸ் டூ முடிச்சிருக்கீங்க, வயசும் இருக்கு. நீங்களே வாங்கிக்கலாம்மா. இல்லன்னா பொண்ணு வாங்கட்டும். யார் வாங்கறாங்களோ மத்தவங்க சம்மதம்னு எழுதிக் குடுக்கணும், அவ்ளோதான்" என்றார். "பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக நான் பஸ் ஏறிப் போய்வந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையில் கிளம்பி, கையெழுத்துப் போட்டு, பேர் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்புவது என்பதை நினைத்தாலே எனக்கு அசதியாக இருந்தது. பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில் அசதிதான். வேலை வேண்டாம் என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனைப் போய்ப் பார்த்தும் வந்தேன். நான்கு குடித்தனத்துக்கு ஒரு குழாய். அந்தப் படியில் சாமான்களை ஏற்றுவதை நினைத்தும் அசதி வந்தது.

ஃபாரத்தில் மகள் பெயரை எழுதியது நான்தான். அவளிடம் போனில் சொன்னேன். "சரிம்மா, லீவுக்கு வர்றப்ப பேசலாம்" என்றாள். பேசலாம் என்ற சொல்லை நான் கவனிக்காத மாதிரி விட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஃபாரத்தைக் கொடுத்தாக வேண்டும். சதுர்த்தி அதற்கு முந்தின சனிக்கிழமை.

மகள் சென்னையில், பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஒரு இடத்தில் வேலை பார்த்தாள். அதற்கென்றே நான்கு வருஷம் படித்தவள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பிளாக்கில் யாராவது கேட்டால் "டாக்டர் மாதிரி" என்று நான் மழுப்புவேன். ஒரு தடவை நடுப்பகலில் போன் செய்து, நான்கு வயசுப் பையன் ஒருவன் அன்றைக்கு முதல் முதலாகத் தண்ணி என்று சொன்னான் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் அடுப்பில் ரசத்தை வைத்துக்கொண்டு "அப்படியா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, லீவுக்கு வந்திருந்த மகள் என் முன்னால் வந்து நின்றாள். நான் ஹாலில் சுவரைப் பார்த்தபடி இருந்தேன் போலிருக்கிறது. பக்கத்துப் பிளாக்கில் பிள்ளையாருக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள்.

"அம்மா, கிளம்பு. மந்தாரக்குப்பத்துல டிம் சம் கடை ஒண்ணு வந்திருக்காம். போய்ச் சாப்பிட்டு வரலாம்."

"அது என்னது?"

"கொழுக்கட்டை மாதிரிதான். வா."

கொழுக்கட்டை என்று ஏன் சொன்னோம் என்பதுபோல உடனே உதட்டைக் கடித்தாள். எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவருடைய ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே ரோடு ஈரமாக இருந்தது. டவுன்ஷிப்பைத் தாண்டியதும் மரம் குறைந்து போர்டுகள் ஆரம்பித்தன. செல்போன் கடை, லாட்ஜ், பிரியாணி, மறுபடியும் செல்போன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது. ஒரு அறை. முன்பு அது சைக்கிள் கடையாக இருந்தது, எனக்குத் தெரியும். தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. மூன்று மேஜை, பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஒரு ஃபேன். வாசலில் அடுப்பின் மேல் அலுமினிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். நம்முடைய இட்லிக் குண்டானே கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்ட மாதிரி. அதன் ஓரங்களிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. போர்டில் டிம் சம் என்று பெரிதாகவும், ஒரு தட்டு எட்டு, அறுபது ரூபாய் என்று அதன் கீழேயும் எழுதியிருந்தது.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வடகிழக்கு மலைப்பக்கத்து முகம். கணவர் பவர் ஹவுஸில் கான்ட்ராக்ட் வெல்டராக வந்தவராம். இவள் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். டவுன்ஷிப்பில் எல்லா ஊர்ப் பேச்சும் கலந்து நம் நாக்கு எந்த ஊர் நாக்கு என்றே தெரியாமல் போய்விட்டது. அவளோ இந்த மண்ணில் பிறந்தவளைப் போலப் பேசினாள்.

"வாங்கக்கா. இன்னா வோணும், வெஜ்ஜா, சிக்கனா?"

துக்கத்தால் பண்டிகை இல்லாத வீட்டுக்காரி பண்டிகை நாளில் கறி சாப்பிடலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதற்கு யாரும் விதி எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று வெஜ் சொன்னேன். மகளும் அதையே சொன்னாள்.

"இன்னிக்குக் கூட்டமே இல்லக்கா. அல்லாரும் வூட்ல கொழுக்கட்ட துன்னுக்கினு இருக்காங்க" என்றாள் அந்தப் பெண், மைதா உருண்டையைத் தேய்த்துக்கொண்டே. "உங்க வூட்ல செய்யிலியாக்கா?"

ஆறு மாதத்தில் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். மகள்தான் பதில் சொன்னாள். "அப்பா தவறிட்டாங்க. இந்த வருஷம் செய்யக் கூடாது."

அந்தப் பெண் தேய்ப்பதை நிறுத்தினாள். "தெரியாம கேட்டுட்டேன்க்கா" என்றாள். பிறகு குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். வட்டத்தின் நடுவில் பூரணத்தை வைத்து, ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து மூடினாள். பன்னிரண்டு மடிப்பு வரை எண்ணினேன். எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது.

தட்டு வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று மகள் முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து, மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது அப்படித்தான் வைப்பார்.

"அம்மா, கோவிச்சுக்காத. என்னால முடியாது."

நான் அவளைப் பார்த்தேன்.

"இந்த வேலைய நான் வாங்கினா அறுபது வயசு வரைக்கும் இங்கதான். ஸ்டோர்ஸ்ல போடுவாங்க, இல்ல வேற எங்கயாவது. நான் படிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அங்க என்கிட்ட பதினொரு பசங்க இருக்காங்கம்மா. நீயே அப்ளை பண்ணு. உன்னால முடியும். முதல் ஒரு மாசம் நான் லீவு போட்டுட்டு வந்து கூட இருக்கேன். கொண்டுபோய் விடறேன், கூட்டிட்டு வரேன். நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். ஃபாரத்துல பேரை மட்டும் மாத்திடலாம்."

ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள் என்று தெரிந்தது. நியாயமாகத்தான் பேசினாள். ஒரு வார்த்தை மிகை இல்லை. எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. சரி என்று சொல்லவும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். யோசித்துக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல முடியாது. எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் வந்தன. ஆளுக்கு ஒன்று, எட்டெட்டு. வெள்ளையாக, பளபளவென்று, உள்ளே முட்டைக்கோஸ் தெரிகிற அளவுக்கு மெல்லிய தோல். ஓரத்தில் சிவப்புச் சட்னி. "சட்னி காரம்க்கா, பாத்துத் தொட்டுக்கினு துன்னுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள்.

நான் பையைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். என் தட்டிலிருந்து உடையாத, நல்லதாக மூன்றைப் பார்த்து எடுத்து உள்ளே வைத்தேன். சட்னியில் கொஞ்சம் ஓரமாக விட்டேன். மூடியை அழுத்தி மூடிப் பையில் வைத்தேன். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் இதுதான் முறை. எதைச் செய்தாலும், எதை வாங்கினாலும், வீட்டில் இல்லாத ஆளின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயில் வைப்போம். மிச்சத்தைக் கொடுத்தோம் என்று இருக்கக் கூடாது. செகண்ட் ஷிப்ட் முடிந்து பத்தரை மணிக்கு வருகிறவருக்கு ஹாட் பாக்ஸில் முதல் பங்கு காத்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலையில் வைத்த லட்டை டப்பாவில் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தால், இவள் வீட்டுக்காரர் ஷிப்டில் இருக்கிறார் என்று எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். எங்கள் பிளாக்குப் பெண்கள் எல்லோருடைய பையிலும் ஒரு டப்பா உண்டு. இருபத்தைந்து வருஷமாக என் கை இதைச் செய்திருக்கிறது. அவர் இல்லை என்று கைக்கு நான் தனியாகத் தகவல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூடியை அழுத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைவு வருமே, அந்த அளவுதான். இதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாம் இதில்தான் நிற்கிறது. அந்த நிமிஷம் எனக்குள் துக்கம் என்று ஒன்றும் இல்லை.

மகள் பார்த்துவிட்டாள். வாயில் போட்ட டிம் சம்மை மெல்லாமல் அப்படியே இருந்தாள். அவள் முகம் மாறியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படி ஒரு முகம் வரும். என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டேன். காரமாம். எனக்குத் தெரியவில்லை.

சிரித்துக்கொண்டு "பாரேன், கைப்பழக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் பேசினாள்.

"அம்மா, நான் சொன்னதை மறந்துடு. நான் இங்கயே வந்துடறேன்."

"எதுக்கு?" என்றேன். நிஜமாகவே தெரியாதவள் போல.

"உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது." இப்போது அவள் குரலில் ஒத்திகை இல்லை. "நீ இப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியலம்மா. போன்ல நல்லாத்தான் பேசின. உன்னைப் போய் வேலைக்குப் போன்னு சொல்றேன் பாரு."

அப்போதுதான் ஆறு மாதத்தில் முதல் முறையாக எனக்கு ஒன்று உறைத்தது. நிம்மதி. வயிற்றிலிருந்து ஏறி, தோளை இறக்கிவிட்ட நிம்மதி. சாமான்களை மாடிக்கு ஏற்ற வேண்டாம். பஸ் ஏற வேண்டாம். வீட்டில் ஒரு ஆள் வந்து போய்க்கொண்டு இருக்கும். அவர் போனபோது வராத ஒரு உணர்ச்சி, என் மகள் தன் வாழ்க்கையை எடுத்து மேஜைமேல் வைத்தபோது வந்தது. கூடவே வெட்கமும் வந்தது, ஆனால் நிம்மதி வந்ததற்குப் பின்னால்தான்.

அவள் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். மேஜையில் ஈரம் இருந்தது. கடைக்காரப் பெண் எதுவும் கேட்காமல் வந்து துணியால் துடைத்துவிட்டுப் போனாள். மகள் பேனாவைத் திறந்தாள். திறந்துவிட்டு நிறுத்தினாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. வேணாம்னு சொன்னா நான் போடல. நீ நல்லா இருக்கேன்னு சொல்லு, நான் போயிடறேன்."

நேரடியான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. நான் நல்லாத்தான் இருக்கேன், அது வெறும் பழக்கம், நீ போ. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"ஆறிப்போவுது, சாப்புடு" என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திருப்பி வைத்தாள். சம்மதம் என்ற இடத்தில் நானும் போட்டேன்.

திங்கட்கிழமை ஃபாரத்தைக் கொடுத்தோம். அடுத்த சதுர்த்திக்குள் அவளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஸ்டோர்ஸில்தான் போட்டார்கள். குவார்ட்டர்ஸ் அவள் பெயருக்கு மாறியது. அந்தச் சதுர்த்தியன்று எங்கள் கேட்டின் கொக்கி பத்துத் தடவை சத்தம் போட்டது. என் தட்டும் பத்து வீட்டுக்குப் போனது. சேலத்து அம்மா "பொண்ணு தங்கம்ங்க, உங்களுக்காக சென்னைய விட்டுட்டு வந்துடுச்சே" என்றார். "ஆமாங்க" என்றேன்.

தண்ணி என்று சொன்ன அந்தப் பையனின் அம்மா இன்னும் அவளுக்கு எப்போதாவது போன் செய்கிறாள். பையன் இப்போது முழு வாக்கியம் பேசுகிறானாம். அந்த போன் வந்தால் மகள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வந்ததும் சமையலறையில் ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் தேய்ப்பாள், ஏற்கனவே தேய்த்ததாக இருந்தாலும். போன வாரம் கூடப் படித்த தோழி ஒருத்தியிடம் அவள் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. "இல்லடி, அம்மாவை விட்டுட்டு வர முடியாது. அன்னைக்கு அந்தக் கடையில அம்மா இருந்த நிலைமைய நீ பாத்திருந்தா தெரியும்" என்றாள்.

நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு உறைப்பெல்லாம் தெரிகிறது, சீரியல் பெயரும் தெரிகிறது. தனியாகப் பஸ் ஏறி விருத்தாசலம் வரை போய் வருகிறேன். அன்றைக்கும் நான் அவள் நினைத்த நிலைமையில் இல்லை என்பதை அவளிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் போய்விடுவாள்.